கிளிநொச்சியில ஒரு போட்டோக்கொப்பி கடை: பள்ளிக்கூட ஆக்களுக்கு நல்லம், டியூசன்காரருக்குக் கொஞ்சம் கஷ்டம்

ஏ9 ரோட்டுப் பக்கம் பிரிண்ட் எடுக்கிற கடையள் கனக்கக் கிடக்கு, ஆனா நான் இப்ப போறது ஒண்டுக்குத்தான், பேர் போடேல்லை, கடைக்கார அண்ணைக்கு ஏற்கெனவே சனம் கூட. முதல் காரணம் பாமினி, யூனிகோட் இல்லாத பழைய தமிழ் எழுத்துரு. பள்ளிக்கூடத்தில தட்டின வினாத்தாளை வேற இடத்தில குடுத்தா தமிழ் முழுக்க இங்கிலீஷ் எழுத்தா வந்து நிக்கும், இஞ்ச அந்தக் கரைச்சல் இல்லை.

மற்றது, எல்லாத்தையும் கண்ணை மூடிக்கொண்டு அடிச்சுத் தரமாட்டார். அண்டைக்கு ஒரு டியூசன் சேர் ஏஎல் கைட் புத்தகத்தைக் குடுத்து, முழுசா அடிச்சு வகுப்புப் பிள்ளையள் எல்லாருக்கும் ஸ்பைரல் போடச் சொல்லி நிண்டார். "ஒரு பாடம் எண்டா அடிச்சுத் தாறன் சேர், முழுக்க அடிச்சா பேந்து ஆர் அந்தப் புத்தகத்தைக் காசு குடுத்து வாங்குறது?" எண்டிட்டார். சேருக்குச் சரியான கோவம்.

எனக்கெண்டா அண்ணை சொன்னது ஞாயம். 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தில 11ஆம் பிரிவு நியாயமான பயன்பாடு, அதாவது உரிமைக்காரரிட்டக் கேக்காமலே எடுக்கக்கூடியது, வகுப்புக்குக் கொப்பி எடுக்கிறதும் அதுக்குள்ள வரும், ஆனா இத்தினை பக்கம் எண்டு கணக்கு அதில இல்லை. லாபத்துக்கோ படிப்புக்கோ, என்ன மாதிரி ஆக்கம், எவ்வளவு எடுக்கிறியள், அதால புத்தக விற்பனை படுக்குமோ எண்டு நாலையும் சேத்துத்தான் பாப்பினம். காசு வாங்கிற டியூட்டரிக்கு முதல் கேள்வியே இடிக்கும்.

சூம் வகுப்புக்காரர் இன்னும் கவனிக்கோணும். கையில குடுத்த தாள் வகுப்போட நிக்கும், வட்ஸ்அப் குறூப்பில போட்ட பிடிஎப் ஒட்டுசுட்டானில வெளிக்கிட்டு வவுனியாவும் தாண்டிப் போயிடும். அரசாங்கப் பாடப்புத்தகம் எண்டா கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ர தளத்திலயே சும்மா கிடக்கு, பழைய ஈழத்துப் புத்தகம் எண்டா நூலகம் தளம், லிங்கை அனுப்பினாக் காணும். டேட்டா இல்லாத பிள்ளைக்கு வேண்டிய பாடத்தை மட்டும் அண்ணையே இறக்கி அடிச்சுத் தருவார்.

குறை எண்டா, உயிரியல் படங்கள் கறுப்பு வெள்ளையில அப்பிக்கொண்டு வரும், இதயத்தில எது அறை எது குழாய் எண்டு தெரியாது. கலருக்குக் காசும் கூட. தவணைச் சோதினைக் கிழமையில போனா நிக்கவே இடமிராது, பைலை முதல் நாளே அனுப்பிவிடுங்கோ.