பழைய சிஸ்டத்தில் சுவரோவியம் பார்க்க: குரோமா, ஃபயர்ஃபாக்ஸா, எட்ஜா?

திருநெல்வேலி மாவட்டத்துத் திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்நிலைகளில் சுவர் முழுக்க ஓவியம். குதிரைகளை ஏற்றிவரும் கப்பல் ஒன்று அதில் உண்டு. அப்படி ஒரு சுவரை 20,000 × 15,000 பிக்சலில் படமெடுத்து ஓர் இணையக் காப்பகத்தில் ஏற்றியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அம்பாசமுத்திரத்தில் 2 ஜிபி ராமுடன் விண்டோஸ் 7 ஓடும் சிஸ்டம், பாளையங்கோட்டையில் விலை கூடிய புது மானிட்டர், பேட்டையில் ஆண்ட்ராய்டு 6 போன். மூன்றிலும் படம் கெடும், ஆனால் மூன்றும் வேறு வேறு காரணத்தால். மூவருக்கும் "குரோமைப் போடுங்க, சரியாயிரும்" என்று ஒரே கஷாயத்தைக் கொடுப்பதில்தான் தகராறு தொடங்குகிறது.

பிரவுசரைக் குறை சொல்லுமுன் திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். ஐந்தாறு வருடம் ஓடிய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு பேட்டரி செத்திருக்கும். ஐப்பசி இடிமழையில் கரண்ட் போய் வந்தால் கடிகாரம் 2009-க்கோ 2012-க்கோ ஓடிவிடும். காப்பகத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் (தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் அத்தாட்சி) அந்தத் தேதியில் இன்னும் பிறக்கவே இல்லை என்பதால் எந்தப் பிரவுசரும் கதவைச் சாத்தும். சில தளங்களில் "பரவாயில்லை, உள்ளே போ" என்ற பொத்தான்கூட வராது. சிஆர்2032 என்ற 3 வோல்ட் காசு பேட்டரியை வாங்கி, மின்இணைப்பைக் கழற்றிவிட்டு, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி மாற்றிப் போட்டால் போதும். இதற்காக விண்டோஸையே புதிதாக ஏற்றிய வீடுகள் உண்டு.

விண்டோஸ் 7-இல் இரண்டு கிழவர்கள்

விண்டோஸ் 7-க்குக் குரோம் 109-வது பதிப்போடு 2023 ஜனவரியில் நின்றது. எட்ஜும் அதே 109-இல் நின்றது. உள்ளே இருப்பது ஒரே எஞ்சின் என்பதால் இந்த விஷயத்தில் இரண்டும் ஒன்றே. ஃபயர்ஃபாக்ஸ் 115 ஈஎஸ்ஆர் (நீண்டகாலம் திருத்தங்கள் பெறும் பதிப்பு) வரிசையில் நின்றது. ஆனால் அந்த வரிசைக்கான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தும் கெடுவை மொசில்லா பல முறை தள்ளிப்போட்டது.

இரண்டும் பழசுதான், உடையும் இடம் வேறு. ஜாவாஸ்கிரிப்டில் 'டூசார்ட்டட்' என்று ஒரு வசதி. ஒரு பட்டியலை மூலத்தைக் கலைக்காமல் வரிசைப்படுத்தித் தரும். குரோமில் அது 110-இல் வந்தது, 109-இல் இல்லை. ஃபயர்ஃபாக்ஸில் 115-இலேயே வந்துவிட்டது. காப்பகம் தன் படப் பட்டியலை அடுக்க இதைப் பயன்படுத்தியிருந்தால், குரோம் 109-இல் நிரல் அந்த வரியிலேயே நிற்கும். வெள்ளைப் பக்கம் மட்டும் மிஞ்சும். எஃப்12 விசையை அழுத்திக் கன்சோல் பகுதியைப் பார்த்தால் "டூசார்ட்டட் ஒரு ஃபங்ஷன் அல்ல" என்ற பொருளில் சிவப்பு வரி ஒன்று இருக்கும். மறுபக்கம், பக்க வடிவமைப்பில் 'ஹேஸ்' என்ற தேர்வி (எந்தப் பகுதிக்கு எந்த வடிவம் என்று சுட்டும் குறி) குரோமில் 105-இலேயே உண்டு. ஃபயர்ஃபாக்ஸுக்கு 121-இல்தான் வந்தது. அதனால் காப்பகம் அதை நம்பியிருந்தால் ஃபயர்ஃபாக்ஸ் 115-இல் பக்கவாட்டுப் பட்டை இடம் தவறி விழும், வடிகட்டிப் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்.

இந்த இரண்டில் எதைச் சகிக்கலாம்? பெட்டி கோணலானாலும் ஓவியம் தெரியும். வெள்ளைப் பக்கத்தில் ஒன்றும் தெரியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே விண்டோஸ் 7-இல் ஃபயர்ஃபாக்ஸை முதலில் வைக்கிறோம். ஒரு நிபந்தனை உண்டு: 115.13-க்குக் கீழே நிற்காதீர்கள். அதற்கு முந்தைய பதிப்புகளில் இருந்த மூலச் சான்றிதழ் 2025 மார்ச் 14-இல் காலாவதியானது. அந்தப் பதிப்புகளில் ஆட்-ஆன்கள் (பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல்கள்) வேலை செய்யாமல் போகும்.

படம் மங்கலாகவே நிற்கிறதா, பிரவுசரே விழுகிறதா?

கணக்கைப் போட்டால் விஷயம் விளங்கும். 20,000 × 15,000 என்றால் 30 கோடி பிக்சல். ஜேபெக் கோப்பாக 80 எம்பி இருக்கலாம். ஆனால் திரையில் காட்ட விரிக்கும்போது பிக்சலுக்கு 4 பைட். மொத்தம் 120 கோடி பைட், அதாவது 1.2 ஜிபி. 2 ஜிபி ராம் உள்ள சிஸ்டத்தில் முழுக்கோப்பைத் திறந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. குரோமில் அந்தத் தாவல் மட்டும் சோகமுகம் காட்டி விழும். ஃபயர்ஃபாக்ஸில் பெரும்பாலும் முதலில் ஹார்டுடிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், மவுஸ் நகராது, பிறகு விழும். 32-பிட் விண்டோஸில் ராமைக் கூட்டினாலும் ஒரு நிரலுக்குச் சாதாரணமாக 2 ஜிபி முகவரிதான் கிடைக்கும்.

நல்ல காப்பகங்கள் இதற்காகத்தான் படத்தை 256 × 256 துண்டுகளாக வெட்டி வைக்கின்றன. ட்ரிப்பிள்-ஐ-எஃப் என்ற படப் பகிர்வு முறையும் ஓப்பன்சீட்ராகன் போன்ற பார்வைக்கருவிகளும் இப்படித்தான் இயங்குகின்றன. மேலே சொன்ன படத்தின் உச்ச நிலையில் 79 × 59 வீதம் 4,661 துண்டுகள். 1366 × 768 திரையில் ஒரு நேரத்தில் தேவைப்படுவது 24 துண்டு அளவுக்குத்தான். ஆறு எம்பி நினைவகம் போதும். ஆகவே பழைய சிஸ்டத்தில் "டவுன்லோடு ஒரிஜினல்" பொத்தானைத் தொடாதீர்கள், ஜூம் செய்தே பாருங்கள்.

ஜூம் செய்தும் மங்கலாகவே நின்றால் துண்டுகள் வந்து சேரவில்லை என்று பொருள். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்திப் புதிதாக ஏற்றிப் பாருங்கள். பிறகு விளம்பரத் தடுப்பானை அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்துங்கள். துண்டுகள் வேறொரு சர்வரிலிருந்து வந்தால் சில தடுப்பான்கள் அதையும் உளவாளி என்று நினைத்துத் தள்ளிவிடும்.

ஃபயர்ஃபாக்ஸுக்கே உரிய ஒரு கோளாறும் உண்டு. கைரேகைத் தடுப்பை (உங்கள் பிரவுசரை அடையாளம் கண்டு பின்தொடர விடாத வசதி) கடுமையாக்கி வைத்திருந்தால், வெளிச்சம், கான்ட்ராஸ்ட் மாற்றும் கருவியைத் தொட்டதும் ஓவியம் மறைந்து பலநிறக் கோடுகளாகச் சிதறும். கருவி பிக்சலைத் திரும்பப் படிக்க முயல்கிறது. பிரவுசர் வேண்டுமென்றே குப்பையைக் கொடுக்கிறது. முகவரிப் பட்டையின் இடப்புறம் வரும் சின்னப் படக்குறியைச் சொடுக்கி அனுமதி கொடுத்தால் தீர்ந்தது.

முப்பரிமாணம்

கிருஷ்ணாபுரத்துக் கர்ணன் சிலை போன்ற ஒன்றைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் மாதிரிகளுக்கு வெப்ஜிஎல் (பிரவுசருக்குள் முப்பரிமாணம் வரையும் வசதி) வேண்டும். இங்கே குரோம் 109 முந்துகிறது. கிராஃபிக்ஸ் சிப் உதவாவிட்டால் ஸ்விஃப்ட்ஷேடர் என்ற உள்மென்பொருள் வழியாகப் பிராசசரைக் கொண்டே வரைந்துவிடும். மாட்டுவண்டி வேகம்தான், ஆனாலும் சிலை தெரியும். ஃபயர்ஃபாக்ஸ், தடைப்பட்டியலில் உள்ள பழைய டிரைவரைக் கண்டால் பல நேரம் கைவிரித்துவிடும். ஹெல்ப் மெனுவில் "மோர் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்" திறந்து கிராஃபிக்ஸ் பகுதியில் காரணத்தைப் படிக்கலாம். சிலை உருவம் வந்து மேற்பரப்பு மட்டும் கன்னங்கரேலென்று இருந்தால், சிப் தாங்கும் அளவைவிட மேற்பூச்சுப் படம் பெரிது. காப்பகத்தில் குறைந்த தரத் தேர்வு இருந்தால் அதை எடுங்கள். டிரைவரை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

காவி குங்குமமாகும் கதை

புது மானிட்டர்காரருக்கு வருவோம். அவருக்கு வேகக் குறை இல்லை. நிறம்தான் பொய் சொல்லும். சுவரோவியத்தின் உயிரே அந்த மண்காவிச் சிவப்பு. படக்கோப்புக்குள் நிறவிவரக் குறிப்பு பதிந்திருந்தால் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் ஒழுங்காகக் காட்டும். குறிப்பு இல்லாத கோப்பைக் குரோம் எஸ்ஆர்ஜிபி (இணையத்தின் வழக்கமான நிற அளவுகோல்) என்று எடுத்துக்கொள்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் தன் இயல்பு அமைப்பில் எண்களை அப்படியே மானிட்டருக்குத் தள்ளிவிடும். அதைவிடக் கூடுதல் நிறங்களைக் காட்டும் அகலநிற மானிட்டரில் காவி, குங்குமமாகக் கொதிக்கும்.

மாற்றும் வழி: முகவரிப் பட்டையில் 'அபவுட்:கான்ஃபிக்' அடித்து, எச்சரிக்கையை ஏற்று, 'ஜிஎஃப்எக்ஸ்.கலர்_மேனேஜ்மென்ட்.மோட்' என்பதைத் தேடி 2 என்ற மதிப்பை 1 ஆக்குங்கள். ஃபயர்ஃபாக்ஸை மூடித் திறக்கவேண்டும். நிறத்தை ஒப்பிடுமுன் விண்டோஸின் நைட் லைட்டை அணைக்க மறக்காதீர்கள். மாலை ஆறு மணிக்குமேல் எல்லா ஓவியமும் பழுப்பேறித் தெரிவதற்குக் காரணம் பல நேரம் அதுதான். மலிவு லேப்டாப் திரையென்றால் இந்த வேலையெல்லாம் வீண். தலையை இரண்டு அங்குலம் சாய்த்தாலே நிறம் மாறும்.

தமிழ் விவரக்குறிப்பு குப்பையாகத் தெரிந்தால்

ஓவியம் நன்றாகத் தெரிகிறது, கீழே உள்ள தமிழ் விளக்கம் மட்டும் குழப்பம். குழப்பத்தின் முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லலாம். தலையில் கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்தால் அது யூனிகோடு. பிரவுசர் தவறாகப் படிக்கிறது, அவ்வளவுதான். ஃபயர்ஃபாக்ஸின் வியூ மெனுவில் (ஆல்ட் விசையை அழுத்தினால் மெனு தெரியும்) "ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்" என்று ஒன்று இருக்கிறது, ஒரே சொடுக்கு. குரோம் தன் குறியாக்க மெனுவை எப்போதோ எடுத்துவிட்டது. அங்கே தனி நீட்சி தேடி அலையவேண்டும்.

'திருநெல்வேலி' இருக்கவேண்டிய இடத்தில் சின்ன ஜே, சின்ன பி, பெரிய யு என்று ஆங்கில எழுத்துகள் தொடங்கினால் அது பாமினி, அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்த பழைய எழுத்துரு. இதை எந்தப் பிரவுசரும் சரிசெய்யாது. பாமினியை நிறுவ வேண்டும், அல்லது வரியை நகலெடுத்து யூனிகோடு மாற்றியில் ஒட்ட வேண்டும். எழுத்துருவை நிறுவியும் மாறாவிட்டால், ஃபயர்ஃபாக்ஸ் அமைப்புகளில் எழுத்துரு மேம்பட்ட தேர்வில் "பக்கங்கள் தம் எழுத்துருவைத் தேர்ந்துகொள்ளலாம்" என்ற பொருளில் உள்ள டிக் எடுபட்டிருக்கிறதா பாருங்கள்.

ஃபிளாஷ் காலத்துக் காப்பகங்கள்

பழைய தளங்களில் அசைபடங்களைக் காட்டிய ஃபிளாஷ் என்ற செருகுநிரல் 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே உள்ளடக்கத்தை ஓட்ட மறுத்தது. எங்கிருந்தோ பழைய பிளேயரை இறக்கிப் போடுவது வைரஸுக்கு வாசல் திறப்பது. ஃபிளாஷைப் போலவே ஓட்டிக் காட்டும் ரஃபிள் நீட்சி குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் எல்லாவற்றுக்கும் உண்டு. ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2-இல் (ஃபிளாஷின் நிரல்மொழி) எழுதியவை நன்றாக ஓடும். 3-இல் எழுதியவற்றில் சில பொத்தான்கள் உறங்கும். இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கென்றே கட்டிய ஆக்டிவ்எக்ஸ் (அதில் மட்டும் ஓடும் துணை நிரல்) பக்கம் என்றால் விண்டோஸ் 10, 11-இல் உள்ள எட்ஜ் ஒன்றே கதி. செட்டிங்ஸில் டிஃபால்ட் பிரவுசர் பகுதியில் ஐஇ மோடுக்கு (இன்டர்நெட் எக்ஸ்புளோரர் போல இயங்கும் முறை) அனுமதி கொடுத்து மீண்டும் தொடங்கி, பக்கத்தின் முகவரியை அங்குள்ள பட்டியலில் சேர்க்கவேண்டும். சேர்த்த முகவரி 30 நாளில் பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடும், மறுபடி சேர்க்கவேண்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் எட்ஜுக்கு முழு மதிப்பெண்.

போனில்

ஆண்ட்ராய்டு 6-இல் குரோம் 106-உடன் நின்றுவிட்டது. இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பிடம் சான்றிதழ் வாங்கிய தளங்களை 7.1.1-க்கு முந்தைய ஆண்ட்ராய்டு நம்புவதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் தன் சான்றிதழ்ப் பட்டியலைத் தானே சுமந்து வருவதால் அதே போனில் திறக்கும். ஐபோனில் பிரவுசரை மாற்றி நம் ஊரில் பயனில்லை. பெயர் எதுவானாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் எஞ்சின்தான்.

விண்டோஸை விடலாமா?

64-பிட் பிராசசரும் 4 ஜிபி ராமும் இருந்தால் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்டின் எளிய பதிப்பான எக்ஸ்எஃப்சிஇ போடுவதே எங்கள் தேர்வு. புதுப் பதிப்பு ஃபயர்ஃபாக்ஸ் அதில் ஓடும். மேலே சொன்ன 109, 115 பஞ்சாயத்தே எழாது. கடை அண்ணாச்சி "விண்டோஸ் 10 ஏத்தித் தாரேன்" என்பார். அதன் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததைச் சேர்த்துச் சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

நிறுவுமுன் சோதிக்க 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு மின்டை அதில் எழுதி, சிஸ்டம் தொடங்கும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் இவற்றில் அந்தந்த கம்பெனிக்கு உரியதை அழுத்தி, பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். ஹார்டுடிஸ்க்கில் ஒரு கோப்பும் கலையாது. அப்படியே ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து, நீங்கள் பார்க்க நினைக்கும் காப்பகத்தில் இருப்பதிலேயே பெரிய ஓவியத்தை உச்சம்வரை ஜூம் செய்யுங்கள். வைஃபை பிடிக்கிறதா, தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா, துண்டுகள் ஐந்து விநாடிக்குள் தெளிகின்றனவா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் நிறுவுங்கள். ராம் வாங்குவதாயிருந்தால் பழைய ராம் ஸ்டிக்கரில் பிசி3 (1.5 வோல்ட்) என்றிருக்கிறதா, பிசி3எல் (1.35 வோல்ட்) என்றிருக்கிறதா என்று படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். 1.35 வோல்ட்டை மட்டும் ஏற்கும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் ராமைச் செருகினால் திரை கறுப்பாகவே நிற்கும்.