நாற்பதாயிரத்துக்குள் முதல் லேப்டாப்: புது ஐ3-யா, பழைய ஆபீஸ் மெஷினா?

கவுன்சலிங் முடிந்து கல்லூரி உறுதியானதும் வீட்டில் அடுத்த பேச்சு லேப்டாப்தான். ஃபீஸ், ஹாஸ்டல் டெபாசிட், பெட்டி படுக்கை எல்லாம் போக மிச்சம் முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ இருக்கும். அந்தப் பணத்துக்கு உருப்படியான வழி இரண்டுதான். ஒன்று, இன்டெலின் ஐ3 சிப்போடு வரும், சீல் பிரிக்காத புது லேப்டாப். இன்னொன்று, ஏதாவது ஒரு கம்பெனியில் நான்கு வருடம் உழைத்துவிட்டு, பழையதைச் சரிபார்த்துத் திரும்ப விற்கும் ரீஃபர்பிஷ்டு கடைக்கு வந்திருக்கும் பிசினஸ் லேப்டாப். டெல் லாட்டிட்யூட், லெனோவா திங்க்பேட், ஹெச்பி எலைட்புக் வகையறா.

இந்த இரண்டுக்கும் வெளியே நிற்பவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். ஆன்லைனில் இருபதாயிரத்துக்குள் பளபளக்கும் செலரான் லேப்டாப் வேண்டவே வேண்டாம். செலரான் என்4020 என்பது 2019-இல் வந்த இரண்டே கோர் (கணக்குப் போடும் பகுதி) உள்ள இன்டெல் சிப். கூடவே 4 ஜிபி ரேமும், வேகமான எஸ்எஸ்டி ஸ்டோரேஜுக்குப் பதிலாக மந்தமான இஎம்எம்சியும் வந்து சேரும். விண்டோஸ் அப்டேட் ஒரு பக்கம் ஓட ஆரம்பித்தால், இன்னொரு பக்கம் ஒரு பிடிஎஃப் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். குரோம்புக் எழுதவும் படிக்கவும் நன்றாகவே இருக்கும், ஆனால் அதில் விண்டோஸ் இல்லாததால் பி.காம் பையனுக்குக் கணக்கு எழுதும் டேலி ஓடாது, மெக்கானிக்கல் பெண்ணுக்கு 3டி டிசைன் செய்யும் சாலிட்வொர்க்ஸ் ஓடாது. கேமிங் லேப்டாப் இந்த பட்ஜெட்டில் வராது. வந்தாலும் அதையும் அந்தச் செங்கல் சைஸ் சார்ஜரையும் தினமும் பஸ்ஸில் சுமக்க வேண்டும். 2020-இன் எம்1 மேக்புக் ஏர் பழையதாகக் கிடைத்தால் கோடிங் மட்டும் செய்பவர்கள் யோசிக்கலாம். ரேம், எஸ்எஸ்டி எதையும் பின்னால் மாற்ற முடியாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

இப்போது புதுசுக்கு வருவோம். இந்த விலையில் வழக்கமாகக் கண்ணில் படுவது ஐ3-1215யூ, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 15.6 இன்ச் ஃபுல் ஹெச்டி திரை. சிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பெரிய கோர், நான்கு சிறிய கோர் என்று ஆறு கோர்கள். வெறும் வேகம் என்று பார்த்தால், பழைய ஆபீஸ் மெஷினில் வரும் பதினொன்றாம் தலைமுறை ஐ5-1145ஜி7-க்கு இது சளைத்ததல்ல. "ஐ5 என்றால் ஐ3-ஐவிட எப்போதும் வேகம்" என்ற நம்பிக்கையை இங்கேயே விட்டுவிடுங்கள்.

ஏஎம்டியின் ரைசன் சிப் பக்கம் போனால்தான் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். "7000 சீரிஸ் சார், லேட்டஸ்ட்" என்று கடைப்பையன் ரைசன் 3 7320யூ-வை நீட்டுவார். அந்த எண்ணில் பார்க்க வேண்டியது மூன்றாவது இலக்கம். அங்கே 2 இருந்தால் உள்ளே இருப்பது ஜென் 2, அதாவது 2019-இல் அறிமுகமான வடிவமைப்பு. 7530யூ என்றிருந்தால் ஜென் 3. அது எவ்வளவோ மேல். 7320யூ-வில் இன்னொரு சிக்கலும் உண்டு: ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டு வரும். 8 ஜிபியோடு வாங்கினால் நான்கு வருடமும் 8 ஜிபிதான்.

ரேமைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய அறிவுரையையும் கைவிட வேண்டியிருக்கிறது. "இப்போதைக்கு 8 ஜிபி வாங்கிக்கோ, அப்புறம் சல்லிசா இன்னொரு 8 போட்டுக்கலாம்" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் சாதாரண வாடிக்கையாளர்களுக்கான க்ரூஷியல் பிராண்டையே மூடப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ஆகவே வாங்கும் அன்றே எவ்வளவு ரேம் உள்ளே இருக்கிறது என்பது முன்பைவிட முக்கியம். பழைய ஆபீஸ் மெஷின் முந்தத் தொடங்குவது இங்கேதான். புதுசில் 8 ஜிபிக்குக் கொடுக்கும் பணத்துக்கு அங்கே பெரும்பாலும் 16 ஜிபியே கிடைத்துவிடும், மிச்சமும் இருக்கும்.

அடுத்தது ஹிஞ்ச், அதாவது திரையையும் கீழ்ப்பகுதியையும் இணைக்கும் கீல். ஸ்பெக் ஷீட்டில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது, ஆனால் மூன்றாம் வருடத்தில் மலிவு லேப்டாப்புகளைச் சர்வீஸ் கடைக்கு அனுப்புவது இதுதான். கழற்றிப் பார்த்தால் புரியும்: ஹிஞ்சைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள், பிளாஸ்டிக்கில் புதைத்த கடுகளவு பித்தளை நட்டுகளில் ஏறியிருக்கும். நாளாக ஆக ஹிஞ்ச் இறுகும். ஒரு மூலையைப் பிடித்து மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நட்டு பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு மேலே வரும். முதலில் ஓரத்தில் ஒரு நகம் நுழையும் இடைவெளி, பிறகு 'படக்' என்று ஒரு சத்தம். மெக்கானிக் எம்-சீல் வைத்து ஒட்டித் தருவார். சில மாதம் ஓடும். பிசினஸ் லேப்டாப்புகள் தினமும் இருபது தடவை திறந்து மூடுவதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ஹிஞ்ச் பகுதி தடிமனாகவும் பிடிமானமாகவும் இருக்கும். கீபோர்டும் அப்படித்தான், ரெக்கார்டு, அசைன்மென்ட் என்று மணிக்கணக்கில் தட்டப்போகிறவர் இரண்டிலும் நாலு வரி அடித்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

அதற்காக ரீஃபர்பிஷ்டு என்ற பெயரில் வருவதெல்லாம் வாங்கத் தகுந்தவை அல்ல. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறை சிப்பாவது வேண்டும். அதனால் கம்பெனிகள் கழித்துக்கட்டிய ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்கள் சந்தையில் கொட்டிக் கிடக்கின்றன. விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். பலரும் கொண்டாடும் திங்க்பேட் டி480 பெரும்பாலும் எட்டாம் தலைமுறை, அதாவது வாசற்படியில் நிற்கிறது. இரண்டு ரேம் ஸ்லாட், வெளியே கழற்றி மாட்டும் பேட்டரி என்று எனக்கும் அதன்மேல் ஒரு பிரியம் உண்டு. ஆனால் இன்று தொடங்கி நான்கு வருடம் ஓட்ட வேண்டும் என்றால் பதினொன்றாம் தலைமுறைக்குப் போவதே சரி. லாட்டிட்யூட் 5420-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு ரேம் ஸ்லாட், டைப்-சி சார்ஜிங், 14 இன்ச். ஒரே 16 ஜிபிக்குப் பதில் இரண்டு 8 ஜிபியாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அதில் சிப்போடு சேர்ந்தே இருக்கும் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் ஒற்றை ரேமில் முழு வேகத்தில் ஓடாது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ உங்கள் ஊர்க் கடையோ, எங்கே வாங்கினாலும் நேரில் போய், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் திரை. 5420-இன் அடிமட்ட மாடல் 1366×768 டிஎன் என்ற மலிவு வகைத் திரையோடு வந்தது. பக்கவாட்டில் இருந்து பார்த்தால் வெளுத்துவிடும். டிஸ்ப்ளே செட்டிங்கில் 1920×1080 இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். அடுத்து பேட்டரி. விண்டோஸே பேட்டரி ரிப்போர்ட் எடுத்துத் தரும், கமாண்ட் பிராம்ப்ட்டில் ஒரு வரிக் கட்டளைதான். டிசைன் கெப்பாசிட்டிக்கும் (புதிதில் இருந்த அளவு) ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டிக்கும் (இப்போது தாங்கும் அளவு) இடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தால், ஒன்று பேட்டரி மாற்றிக் கேளுங்கள் அல்லது விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ஆன் செய்யும்போது டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை செட்டிங் பக்கம்) போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

பலரும் கோட்டைவிடுகிற சோதனை ஒன்று இருக்கிறது. கம்பெனி லேப்டாப்புகளை ஐடி பிரிவு, மெஷினைக் கம்பெனியோடு பிணைக்கும் மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட்டில் பதிவு செய்து வைத்திருக்கும். விற்கும்போது அதை நீக்க மறந்திருந்தால், என்றைக்காவது விண்டோஸை ரீசெட் செய்யும் நாளில் அந்தக் கம்பெனியின் பெயரோடு லாகின் பக்கம் வந்து நிற்கும். கடைக்காரர் கண்முன்னே ரீசெட் போட்டு, வைஃபையை இணைத்து, செட்டப் முடிகிறவரை பாருங்கள். "அண்ணே, ரீசெட்லாம் எதுக்கு, எல்லாம் ரெடியா இருக்கு" என்று இழுத்தால் பக்கத்துக் கடைக்குப் போகலாம்.

இவ்வளவும் செய்ய ஆள் இல்லாத வீடுகள் இருக்கின்றன. பக்கத்தில் நல்ல கடை இல்லை, தெரிந்தவர் யாரும் கூட வரமாட்டார்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு புது ஐ3 வாங்குவதே நிம்மதி. ஒரு வருடக் கம்பெனி வாரன்ட்டிக்கு ஒரு மதிப்பு உண்டு. கடை வாரன்ட்டி அந்தக் கடை திறந்திருக்கும் வரைதான். கல்விக் கடனில் வாங்குபவர்களுக்கும் புதுசுதான் வசதி. வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்புக்குத் தேவையென்றால் நியாயமான விலையில் கம்ப்யூட்டர் வாங்கும் செலவும் சேரும். அதற்கு டீலர் கோட்டேஷன், ஜிஎஸ்டி பில் என்று தாள் சுத்தமாக இருக்க வேண்டும். 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று வாங்கினால், வட்டிக்கு மேல் வரும் ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில்தான் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படிப்பு வாரியாகக் கேட்டால்: பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. மாணவர்களுக்கு 8 ஜிபி ரீஃபர்பிஷ்டே தாராளம். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி என்றால் 16 ஜிபி, பதினொன்றாம் தலைமுறை. இதில் எனக்கு மறுபேச்சில்லை. மெக்கானிக்கல், சிவில் மாணவர்கள்தான் "கிராபிக்ஸ் கார்டு வேணுமே" என்று முதல் வருடமே கடன் வாங்கிக் கேமிங் லேப்டாப்புக்குப் போகிறார்கள். முதல் வருடத்தில் பைதான், கெமிஸ்ட்ரி, டிராஃப்டர் வைத்துத் தாளில் போடும் டிராயிங். கனமான 3டி வேலை வரும்போது கல்லூரி லேபில் என்ன இருக்கிறது, தனக்கு உண்மையில் என்ன தேவை என்பதெல்லாம் தெரிந்திருக்கும். மிச்சம் பிடித்த பத்துப் பன்னிரண்டாயிரத்தை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அரசு லேப்டாப்பை எதிர்பார்ப்பவர்களும் உண்டு. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் அறிவித்து, 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். உங்கள் கல்லூரியும் வருடமும் அதில் வருமா என்று அட்மிஷன் அன்றே ஆபீஸில் விசாரித்துவிடுங்கள். வரும் என்றால் முதல் செமஸ்டரைக் கல்லூரி லேபை வைத்தே ஓட்டிவிடலாம், அவசரப்பட வேண்டாம். "சொல்ல முடியாதுப்பா" என்று பதில் வந்தால், புது ஐ3-க்கு முழுப் பணத்தையும் போடாமல் ரீஃபர்பிஷ்டு பக்கமே திரும்புங்கள். பின்னால் அரசு லேப்டாப் வந்துவிட்டாலும், வாங்கியது தம்பிக்கோ தங்கைக்கோ உதவும்.