பருவுக்கு எல்இடி மாஸ்க்: காசுக்குத் தகுமா?
ஆன்லைனில் வாங்கிய, நீலமும் சிவப்பும் எரிகிற மாஸ்க் இது. பிராண்டு பெயர் வேண்டாம், உள்ளே இருக்கிற சங்கதி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: 415 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளி, பரு பாக்டீரியா உண்டாக்கும், ஒளியை உறிஞ்சும் போர்ஃபைரின் என்ற பொருள் மீது பட்டு அந்தக் கிருமியையே கொல்கிறது, சிவப்பு ஒளி வீக்கத்தைத் தணிக்கிறது. தாடையோரம் கிளம்பும் சின்னச் சின்ன சிவந்த பருக்கள் நிஜமாகவே சீக்கிரம் அடங்கின. ஆனால் மூக்கின் மேல் கரும்புள்ளிகள் அப்படியேதான் இருக்கின்றன, ஆழத்தில் கட்டியாக வலிக்கிற பருவிடம் இதன் பாச்சா பலிக்கவில்லை. நிறுத்தினால் பரு திரும்பி வருகிறது. மூக்குத்தண்டில் பிளாஸ்டிக் அழுத்துகிறது, சரி போகட்டும், கண்ணோரம் வெளிச்சம் கசிவதுதான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. 2019இல் நியூட்ரோஜினா நிறுவனம் தன் ஒளி மாஸ்க்கைத் திரும்பப் பெற்றதே கண் பாதுகாப்பு பற்றிய கவலையால்தான். பருவுக்குத் தருகிற டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தோலை ஒளி சட்டென்று பாதிக்கும்படி ஆக்கும், அதைச் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். அப்புறம், மாநிறத் தோலில் நீல ஒளி கருமையைக் கூட்டவும் கூடும், பெட்டியில் இதை எங்கேயும் போடவில்லை. இந்த விலைக்கு பருவுக்குப் பூசுகிற பென்சாயில் பெராக்சைடு ஜெல் எத்தனையோ ட்யூப் வாங்கலாம், முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.