ஆறா, மலையா, ஏரியா, தோப்பா: வேலூரில் பம்ப் டிராக் ஓட்ட எது தோது?

காட்பாடி பக்கம் எம்டிபி, அதாவது மலை சைக்கிள், வைத்திருக்கும் பையன்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, ஜம்ப் அடிக்க இங்க எங்க போறது?" ஊரைச் சுற்றி மலை நிற்பதால் எல்லோருக்கும் மலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. நாலு வகை இடத்திலும் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த விளையாட்டுக்குச் சரிவைவிட மண்தான் முக்கியம்.

பம்ப் டிராக் என்பது மண்மேடும் பள்ளமும் அலை மாதிரி அடுத்தடுத்து வரும் சைக்கிள் தடம். அதில் பெடல் மிதிப்பதே கிடையாது. மேடு ஏறும்போது கை காலைத் தளர்த்தி வண்டியை மேலே வரவிட வேண்டும், இறங்கும்போது அழுத்தித் தள்ள வேண்டும். அந்த அழுத்தம்தான் வேகம். டர்ட் ஜம்ப்பில் அதே வேகத்தோடு ஏற்றத்தின் நுனியில் பறந்து எதிர்ச் சரிவில் இறங்குகிறோம். இரண்டிலும் மேட்டின் வடிவம் குலையக் கூடாது. நுனி கொஞ்சம் உதிர்ந்தாலும் முன் சக்கரம் தலையைக் கவிழ்த்துவிடும்.

பாலாற்றை முதலில் தள்ளிவிடலாம். வருஷத்தில் பெரும்பாலான நாள் வறண்டு, அகலமாக, காசில்லாமல் கிடக்கிறதே என்று ஆசை வரும். ஆனால் ஆற்று மணலில் குவித்த மேடு ஈரம் காயும் வரைதான் மேடு. சக்கரம் புதைந்து அழுத்தின வேகத்தையெல்லாம் மணலே விழுங்கிக்கொள்ளும். 2021 நவம்பரில் ஆறு கரை புரண்டதைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு காரணமும் தெரியும்.

மலை என்றால் ஏலகிரி. 2019இல் மாவட்டம் பிரிந்தபோது அது திருப்பத்தூருக்குப் போய்விட்டது, ஆனாலும் பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு நம்ம மலைதான். 14 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1,100 மீட்டர் உயரம். விடியற்காலையில் ஏறி இறங்கினால் தொடையும் நெஞ்சும் உறுதிப்படும், பிரேக் பிடிக்கும் பக்குவமும் வரும். ஜம்ப் பழக அது இடமே இல்லை. தார்ச்சாலையில் பஸ்ஸும் வேனும் வரும். சாலையை விட்டு இறங்கினால் பல இடத்தில் வனத்துறை நிலம். அமிர்தி, ஜவ்வாது மலைப் பக்கமும் இதே கதைதான். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் மண்வெட்டி வைப்பது பெரிய தப்பு.

மிச்சம் ஏரியும் தோப்பும்தான். உண்மையான போட்டி இவற்றுக்கு நடுவில்.

ஏரியில் வண்டல் அள்ளிய பள்ளங்களைப் பார்த்திருப்பீர்கள். டிராக்டர் ஏறி இறங்கிய தடம் சரிவாகி, அடுத்தடுத்த குழிகள் அலை மாதிரி நிற்கும். மாசியிலிருந்து வைகாசி வரை மண் கல்லாக இறுகிக் கிடக்கும். ஒரு மண்வெட்டி கூடப் போடாமல் ஓட்டலாம். பையன்களுக்குச் சொர்க்கம், எனக்கும்தான்.

ஆனால் மூன்று தொல்லை. முதலாவது வேலிக்காத்தான் முள். காய்ந்த முள் டயரைத் தைத்து ட்யூப் வரை போகும். பஞ்சர் கிட் இல்லாமல் போனால் தள்ளிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். இரண்டாவது வெடிப்பு. வெயில் ஏற ஏற கரம்பை மண் பிளந்து, இரண்டு விரல் நுழையும் அளவு வாய் திறக்கும். சக்கரம் அதே திசையில் மாட்டினால் திருப்பவே முடியாது. மூன்றாவது மழை. இங்கே ஐப்பசி வரை வானம் காத்திருப்பதில்லை, ஆவணியிலேயே நல்ல மழை பெய்யும். அப்படி ஒரு மழைக்கு மறுநாள், மேல்தோல் காய்ந்திருக்கிறது என்று நம்பி ஒரு பள்ளத்தில் இறங்கினேன். அடியில் சேறு. முன் சக்கரம் அப்படியே நின்றது, நான் மட்டும் போனேன். மணிக்கட்டில் ஆறு வாரம் கட்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏரி தண்ணீருக்கானது. கரையில் ஒரு பிடி மண்கூட வெட்டக் கூடாது, ஏறி ஓட்டிக் கரையைக் கரைக்கவும் கூடாது. நீர் நிறைந்தால் சந்தோஷமாக விட்டுக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

தோப்பு என்று நான் சொல்வது கே.வி.குப்பம் பக்கம் உறவினர் ஒருவரின் மாந்தோப்பு ஓரம். "மரத்து வேர் பக்கம் தோண்டாம எது வேணா செய்யி மாமா" என்று ஐந்து சென்ட் கொடுத்தார். 60க்கு 36 அடி. ஒரு சின்ன வட்ட டிராக்குக்கு அது தாராளம்.

செம்மண்தான், ஆனாலும் சோதித்துவிட்டுத்தான் ஆரம்பித்தோம். லேசான ஈரத்தோடு ஒரு கைப்பிடி மண்ணை இறுக்கிப் பிடித்து உருண்டையாக்கி, இடுப்பு உயரத்திலிருந்து விட வேண்டும். தூளாகச் சிதறினால் மணல் அதிகம். உடையாமல் சப்பையாக ஒட்டிக்கொண்டால் களி அதிகம். இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் அதுதான் நமக்கு வேண்டியது. எங்களுக்கு முதல் உருண்டை சிதறியது. ஒரு டிராக்டர் கிராவலும் கொஞ்சம் களியும் கலந்தபின் சரியானது.

அளவு எளிது. மேடு 1 அடி உயரம் என்றால் உச்சிக்கு உச்சி சுமார் 10 அடி. திரும்பும் இடத்தில் வெளிப்பக்கம் மண்ணை உயர்த்திச் சாய்வாகக் கட்ட வேண்டும், அப்போதுதான் வேகம் குறையாமல் திரும்பலாம். அரை அடி மண் போடுவது, தண்ணீர் தெளிப்பது, திமிசு போடுவது, மறுபடி மண். இந்த வரிசையை அவசரப்படுத்தினால் முதல் மழையிலேயே கரையும். பள்ளத்தில் தேங்கும் நீருக்கு ஒரு வாய்க்கால் வெட்டி வைப்பது இன்னும் முக்கியம்.

ஜம்ப் என்றால் முதலில் டேபிள்டாப் மட்டும் கட்டுங்கள். நடுவில் இடைவெளி விட்ட டபுளில் தூரம் குறைந்தால் எதிர் மேட்டில் மோத வேண்டியதுதான். டேபிள்டாப்பில் நடுவிலும் மண் இருப்பதால் தூரம் குறைந்தாலும் சக்கரத்துக்குத் தரை கிடைக்கும்.

ஏரியில் செலவில்லை, தோப்பில் டிராக்டர் வாடகையும் முதுகுவலியும் உண்டு. ஏரி மூன்று நாலு மாதம், தோப்பு பத்து மாதம். ஏற்கெனவே பறக்கத் தெரிந்தவன் கோடையில் ஏரிக்குப் போகட்டும். புதிதாகப் பழகுகிறவனை நான் தோப்பைத் தவிர வேறெங்கும் அனுப்பமாட்டேன். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சாதாரண ஹார்ட்டெயில் சைக்கிள் போதும். சீட்டை அடிவரை இறக்கிவிட்டு, ஹெல்மெட்டும் முழங்கால் காப்பும் போட்டு, மூன்று சுற்று பெடல் மிதிக்காமல் வரட்டும்.

கார்த்திகை மழை விட்டதும் தோப்பில் மறுபடி மேடு கட்டுகிறோம். மண் லேசான ஈரத்தோடு இருக்கும் அந்த இரண்டு நாள்தான் கணக்கு. வருகிறவர்கள் சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டு மண்வெட்டியோடு வாருங்கள்.