கடலா, நீச்சல் குளமா, மொட்டை மாடித் தொட்டியா: ஒரு வயதுக்குள் எது சரி?

புதுச்சேரி, கடலூர் பக்கம் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்குக் கோடை வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடும். மூன்று இடத்திலும் பார்க்க வேண்டியது தண்ணீரின் சூடும் சுத்தமும்தான்.

கடல்

ஒரு வயதுக்குள் வேண்டவே வேண்டாம். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாலே, திரும்பும் அலை காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். குழந்தையை வைத்திருப்பவர் தடுமாற அது போதும். புதுச்சேரி பீச் ரோட்டில் பாறைகள் வேறு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நாலு வாய் விழுங்கினால் வாந்திதான். கெடிலம் முகத்துவாரப் பக்கம் மழைக்குப் பிறகு ஊர்க் கழிவும் சேரும். காலை வெயில் ஏறுமுன் ஈர மணலில் பாதத்தை நனைத்துவிட்டுத் திரும்புங்கள்.

பம்புசெட் தொட்டி, குட்டை

இதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறும். 2024-ல் கேரளத்தில் பிள்ளைகள் இறந்தது இதனால்தான்.

ஓட்டல் நீச்சல் குளம்

தலை நன்றாக நின்ற பிறகு, ஆறு மாதம் தாண்டி என்றால் நல்லது. தண்ணீர் 32 டிகிரி இருக்க வேண்டும். நமக்கு இதமான 28 டிகிரி, ஆறேழு கிலோ உடம்புக்குக் குளிர். எடைக்கு மேற்பரப்பு அதிகம் என்பதால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். மார்கழியில் சூடேற்றாத குளத்தை மறந்துவிடுங்கள்.

குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), புளிப்பு-காரத் தன்மையைச் சொல்லும் பிஹெச் 7.2 முதல் 7.8 இருக்க வேண்டும். ஒரு டெஸ்ட் ஸ்ட்ரிப் வாங்கி நீங்களே நனைத்துப் பாருங்கள். மூக்கில் ஏறும் வாடை வந்தால் தண்ணீர் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர்: வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து எழும் வாடை அது. அந்தக் குளத்தில் இறக்காதீர்கள்.

சாதா டயப்பர் தண்ணீர் குடித்து உப்பிவிடும். ஸ்விம் டயப்பர் மலத்தைச் சற்று நேரம் பிடிக்கும், சிறுநீரைப் பிடிக்காது. பேதியான குழந்தையை, நின்ற பிறகும் இரண்டு வாரம் கூட்டிப் போகக் கூடாது. கிரிப்டோ என்ற கிருமி குளோரின் தண்ணீரிலும் நாள்கணக்கில் உயிரோடிருக்கும். அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் ஒட்டும்.

மொட்டை மாடித் தொட்டி

எங்கள் ஓட்டு இதற்கே. ஒரு மீட்டர் அகலக் காற்றடைத்த வட்டத் தொட்டியில் 10 செ.மீ. உயரத்துக்கு 80 லிட்டர், அதாவது 16 லிட்டர் வாளியில் ஐந்து. குடிக்கக் கொடுக்கும் அளவு நம்பகமான கார்ப்பரேஷன் தண்ணீராக இருக்கட்டும். மே மாத மதியம் மேல்தொட்டிக் குழாயை நேரே திறந்தால் கொதிக்கும். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சூடு. கலக்கிவிட்டு முழங்கையை நனைத்துப் பாருங்கள், சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. தொட்டி நிழலில் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் சன்ஸ்கிரீன் பூச வேண்டாம். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போதும்.

குளமோ தொட்டியோ, பால் குடித்து ஒரு மணி நேரம் கழித்து இறக்குங்கள். இரண்டு அக்குளிலும் கைகொடுத்து முகம் பார்த்துப் பிடியுங்கள். முகத்தை முக்கி எடுக்கும் விளையாட்டு வேண்டாம். பல தடவை தண்ணீர் விழுங்கினால் இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரலாம். முதல் நாள் பத்து நிமிடம், பழகியபின் இருபது. உதடு நீலம் பாய்ந்தாலோ தோல் திட்டுத் திட்டாக மாறினாலோ அப்போதே தூக்கித் துண்டில் சுற்றுங்கள்.

கழுத்தில் மாட்டும் காற்று வளையத்தை எந்தத் தண்ணீரிலும் போடாதீர்கள். காற்று இறங்கினால் குழந்தை நழுவும், இறங்காவிட்டால் கழுத்து இறுகும். தொட்டித் தண்ணீரை மறுநாளைக்கு வைக்காமல் அன்றே செடிக்கு ஊற்றிக் கவிழ்த்துவிடுங்கள். தவழும் குழந்தை மூழ்க ஐந்து செ.மீ. போதும்.