7,400 ரூபாய்க்கு வாங்கிய புகை

விறகு அடுப்பு வாங்கிய கடைக்கு இன்று நான்காவது முறையாகப் போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 7,400 ரூபாய். தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலில் இட்லியும் ஆப்பமும் விற்கிறவளுக்கு அது எத்தனை நாள் வியாபாரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிலிண்டர் செலவு கட்டுப்படியாகாமல் விறகு அடுப்பைத் தேடிப் போனேன். 'பாதி விறகு, இரட்டிப்புச் சூடு, புகை கிடையாது' என்று பலகை மாட்டியிருந்த இரும்புச் சாமான் கடை. அடியில் சின்ன விசிறி வைத்த உருளை அடுப்பு. கடைக்காரர் என் கண்ணெதிரே பற்றவைத்தார். டீ வருவதற்குள் தண்ணீர் கொதித்துவிட்டது. “அக்கா, எங்கள் அம்மாவுக்கும் இதைத்தான் கொடுத்திருக்கிறேன்” என்றார். அந்த ஒரு சொல்லில் விழுந்தேன். அவர் உள்ளே போட்டது விறகு அல்ல, காய்ந்த கொட்டாங்குச்சி. கண்ணில் படாமல் இல்லை. அம்மா என்று சொன்னவரிடம் அதைக் கேட்க வாய் வரவில்லை.

வீட்டில் சவுக்கு விறகு போட்டதும் தெருவே இருமியது. மாடி வீட்டுப் பாட்டி ஜன்னலைச் சாத்திக்கொண்டார். ஒன்பதாம் நாள் உள் தகடு அப்பளம் போல உப்பிவிட்டது.

பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறை அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தார். இத்தகைய அடுப்பில் உள் தகட்டின் மேல் விளிம்பைச் சுற்றி ஒரு வரிசைத் துளைகள் இருக்க வேண்டும். உள், வெளி இரண்டு தகடுகளுக்கும் நடுவே சூடாகி ஏறும் காற்று அந்தத் துளைகள் வழியே பாய்ந்து, மேலே வரும் புகையையும் எரித்துவிடும். கூடுதல் சூடு கிடைப்பதே அதனால்தான். என் அடுப்பில் அந்த இடத்தில் கறுப்புச் சாயப் பொட்டுகள். அண்ணன் நகத்தால் சுரண்டினார், பொட்டு உதிர்ந்தது. உள்ளே முழுத் தகடு.

முதல் முறை கடைக்குப் போனபோது “விறகு ஈரமாக இருக்கும்” என்றார் கடைக்காரர். அதில் பாதி உண்மைதான், மழையில் நனைந்த கட்டைகள். நன்றாகக் காய்ந்ததை வாங்கிப் போட்டும் புகை குறையவில்லை. இரண்டாம் முறை “விசிறியை மெதுவாக வையுங்கள்”. மூன்றாம் முறை “முதலாளி வெளியூர்”. பேசியவர்தான் முதலாளி! இன்று “பில் இருக்கிறதா?” என்றார். அவர் கொடுத்தது 7,400 என்று பேனாவால் எழுதிய துண்டுச் சீட்டு, கடைப் பெயர்கூட இல்லை. அக்கா என்று கூப்பிட்ட அதே வாய் “போம்மா, வியாபார நேரம்” என்றது.

விறகு அடுப்பு வாங்குவது பற்றி விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. இதை மட்டும் செய்யுங்கள். உங்கள் வீட்டு விறகைக் கையோடு கொண்டுபோய்ப் பற்றவைக்கச் சொல்லுங்கள். உள் துளை ஒவ்வொன்றிலும் ஊதுபத்திக் குச்சியை விட்டுப் பாருங்கள், மறுபக்கம் போக வேண்டும். எரியும்போது நுனியில் நுரை தள்ளிச் சீறும் விறகை வாங்காதீர்கள்; அதன் சூட்டில் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். கடைப் பெயர் போட்ட பில் இல்லாமல் பணத்தை எண்ணாதீர்கள்.

நாளைக்கு மாவு அரைத்துவைத்திருக்கிறேன். விடியற்காலை நான்கு மணிக்குச் சிலிண்டரைத்தான் திறக்கப் போகிறேன்.