நாகராஜா கோவில் பக்கத்தில் ஒரு மதியச் சாப்பாடு

நாகர்கோவிலில் நாகராஜா கோவிலை ஒட்டிய தெருவில், ஒரு ஓட்டு வீட்டின் முன்கூடத்தில் நடக்கிற கடை. போர்டு கிடையாது. மதியம் மட்டும்தான் சாப்பாடு, இலை போட்டு 100 ரூபாய். முழுச் சைவம்.

ஈரோட்டிலிருந்து வந்திருந்த மருமகனை அழைத்துப் போனேன். விருந்தாளி என்றால் நேரே கன்னியாகுமரிக்கு வண்டி ஏற்றிவிடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். கடலைப் பார்த்துவிட்டு, ஊரைப் பார்க்காமலே திரும்பிவிடுவார்கள். அதனால் காலையில் வடசேரி கனகமூலம் சந்தையில் மட்டி வாழைப்பழம் வாங்கிக்கொண்டு கோவிலுக்கு நடந்தோம். கருவறைக்கு மேலே ஓலைக்கூரை, தூண்களில் பார்சுவநாதர், மகாவீரர். சமணச் சிற்பம் இங்கே எப்படி என்று அவர் நின்று நின்று பார்த்ததில் பசி வந்துவிட்டது.

சோறு எது வேண்டும் என்று கேட்பார்கள். சம்பா, அதாவது சிவப்பரிசிச் சோறு, என்று சொல்லுங்கள். தேங்காயை வறுத்து அரைத்து வைக்கும் புளிக்குழம்புதான் தீயல், அதை வெள்ளைச்சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவது எனக்கு ஒப்பவில்லை. அன்றைக்கு உள்ளித் தீயல், சின்ன வெங்காயம் போட்டது. தேங்காய் கறுக்கத் தொடங்கும் முன்னால் இறக்குவதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு நிமிடம் முந்தினால் பச்சை வாசனை, பிந்தினால் கசப்பு. இவர்கள் கிரைண்டரில்தான் அரைக்கிறார்கள், ஆனால் வறுப்பில் கை தப்பவில்லை. குழம்பின் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றது. அவியலில் தயிர் இல்லை, மாங்காய்ப் புளிப்புதான். இறக்கிய பிறகு ஊற்றிய பச்சைத் தேங்காயெண்ணெய் மணம் இலை வரைக்கும் வந்தது. பரிமாறும் அம்மா மருமகனைப் பார்த்து, "மக்களே, இன்னும் கொஞ்சம் அவியல் வைக்கட்டா?" என்று கேட்டதும் அவர் என்னைப் பார்த்தார். மக்கள் என்றால் பிள்ளை, இங்கே எல்லோரும் எல்லோருக்கும் மக்கள்தான் என்றேன்.

அப்புறம் பருப்பும் பப்படமும், மோர்க்குழம்பு மாதிரியான புளிசேரி, இஞ்சிப்பச்சடி. "மாமா, இது கேரளச் சாப்பாடா, தமிழ்நாட்டுச் சாப்பாடா?" என்று கேட்டார். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அதுவரைக்கும் திருவிதாங்கூர், கடைசியில் திருவிதாங்கூர்-கொச்சி. அடுப்படிக்கு யாரும் எல்லை போடவில்லை. எங்கள் அம்மா சமைத்ததும் இதையேதான்.

குறை இல்லாமல் இல்லை. சாம்பார் ஹோட்டல் சாம்பார், இனிப்பு. தீயல் இருக்கும்போது அதை ஏன் வைக்கிறார்கள் என்று தெரியவில்லை, வெளியூர்க்காரர்களுக்காக இருக்கலாம். ரசம் தண்ணீர். பாயசத்தைப் பேப்பர் கப்பில் ஆறிப்போய்த் தந்தார்கள், அதற்குத் தனியாக 20 ரூபாய் வேறு. பாயசத்தை இலையில் விட்டுப் பப்படத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிடும் ஊரில் இது அநியாயம். மின்விசிறி ஒன்றுதான், அதுவும் வாசல் பக்கத்து மேசைக்கு மட்டும்.

ஒன்றரை மணிக்கு மேல் போனால் தீயல் இருக்காது, சாம்பாரோடு திரும்ப வேண்டும். கார் நிறுத்த இடமில்லை. மணிக்கூண்டு இருக்கும் மணிமேடைப் பக்கம் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். ஆவணி ஞாயிறுகளில் கோவில் கூட்டம் முழுக்க இந்தத் தெருவில்தான் நிற்கும். அன்றைக்கு வீட்டிலேயே சாப்பிட்டுவிடுங்கள்.